பரீட்சைக்கு முந்தின நாள் மூளை வறுவல்

மாமா,

மாடி வீட்டில் மிளகு வறுத்தார்கள். அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். அம்மா தூங்கும்வரை காத்திருந்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதை எழுதுகிறேன். இன்று கரும்பலகை முன்னால் நின்றபோது, நன்றாகத் தெரிந்த ஒரு சூத்திரம் நினைவுக்கு வரவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள்.

உங்களுக்கும் அப்படித்தானே தொடங்கியது. கடலூர் முழுக்க ஆட்டோ ஓட்டியவர், மஞ்சக்குப்பம் எந்தப் பக்கம் என்று சவாரி ஏறியவரிடமே கேட்டீர்கள். அதையும் எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: "எனக்கே வழி சொல்லிட்டு, எனக்கே காசும் குடுத்துட்டுப் போனாரு பாவம்."

எதையும் நீங்கள் ஒளித்ததில்லை. சிதம்பரத்தில் இந்த வீடு வாடகைக்குக் கிடைத்ததிலிருந்து அம்மா பெரிய கறியை வாசலுக்குள் விடவில்லை. மாட்டுக்கறி என்று வாய்விட்டுச் சொல்லக்கூட மாட்டாள். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்ற பயம். நீங்களோ ஸ்டாண்டில் எல்லோர் எதிரிலும் டிபன் பாக்ஸைத் திறப்பீர்கள். யாராவது முகம் சுளித்தால், "என் வவுத்துக்குத்தான் திங்கிறேன், ஊரு வவுத்துக்கா?" என்பீர்கள்.

பரீட்சைக்கு முந்தின நாள் என்னைக் கடலூர் பழைய டவுன் கடைக்குக் கூட்டிப்போவீர்கள். மிளகு தூக்கலாகப் போட்ட மாட்டு மூளை வறுவல். மூளையைத் தின்றால் மூளை வளரும் என்பீர்கள். முதல் தடவை நல்ல மார்க் வந்தது. அப்புறம் நானே கேட்க ஆரம்பித்தேன். உங்களுக்கு அந்தக் கொழகொழப்பு பிடிக்காது என்று கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் தனியாகச் சாப்பிடக் கூச்சப்படுவேன் என்று நீங்களும் ஒரு தட்டு வாங்கினீர்கள். மங்கலம்பேட்டை நண்பர் ஒருமுறை காட்டுப்பன்றிக் கறி கொண்டுவந்தபோதும் எனக்குப் பங்கு வைத்தீர்கள். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது.

உங்களைச் சேர்த்த ஆஸ்பத்திரியில், இது பிரியான் நோய் என்று டாக்டர் சொன்னார். மூளையில் இருக்கிற ஒரு புரதம் தப்பாக மடிந்து, பக்கத்தில் இருப்பதையும் தப்பாக மடிக்குமாம். மருந்து கிடையாதாம். பிறகு மாட்டுக்கறி, காட்டு விலங்குக் கறி சாப்பிடுவாரா என்று கேட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எங்களையே பார்த்தார்கள். "கோழி, மீனுதான் டாக்டர்" என்றாள் அம்மா.

அவள் மருந்து வாங்கப் போனதும் நீங்கள் டாக்டரின் கோட்டைப் பிடித்து இழுத்தீர்கள். அதற்குள் உங்களுக்கு நாக்கு புரளவில்லை. ஒவ்வொரு சொல்லையும் தள்ளித் தள்ளித்தான் பேசினீர்கள்.

"மாட்டு மூளை தின்னேன். காட்டுப்பன்னியும். இந்தப் புள்ளையும் தின்னுச்சு. இதுக்கு எதுனா ஆவுமா?"

உங்களுக்கு என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவே இல்லை.

டாக்டர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். நம் நாட்டு மாடுகளில் அந்த நோய் இருந்ததாகத் தெரியவில்லை, பன்றியிடமிருந்து யாருக்கும் வந்ததாகவும் தெரியவில்லை என்றார். உங்களுக்கு வந்தது பெரும்பாலும் காரணமே இல்லாமல் தானாக வருகிற வகை, சாப்பாட்டால் வந்ததாகத் தோன்றவில்லை என்றார். அப்படியானால் எனக்கு வரவே வராதா என்று கேட்டேன். "பயப்படத் தேவையில்லம்மா. ஆனா முன்கூட்டியே பாத்துச் சொல்ல டெஸ்ட் எதுவும் இல்ல" என்றார். உண்மையைச் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும்தான் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அதற்குப் பிறகு அம்மாவின் போனில் ஒளிந்து ஒளிந்து படிக்கிறேன். வெளிநாட்டில் இந்த மாதிரி நோய் மாடுகளுக்கு வந்து, அவற்றைத் தின்ற மனிதர்களுக்கும் வந்ததாம். வேகவைத்தாலும் அது சாகாதாம். மான்களுக்கும் வருமாம், அதிலிருந்து மனிதருக்கு வந்ததாக இன்னும் நிரூபணம் இல்லையாம். பேனா தவறி விழுந்தால்கூட உள்ளுக்குள் எண்ண ஆரம்பித்துவிடுகிறேன். நான் கேட்டதால்தானே நீங்கள் தின்றீர்கள் என்பது அதைவிடப் பெரிய பயம்.

அம்மா ஊருக்கெல்லாம் உங்களுக்கு மூளையில் கட்டி என்று சொல்லிவைத்திருக்கிறாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நானும் தலையாட்டுகிறேன்.

நாளை காலை அவளிடம் சொல்லிவிடப் போகிறேன். நானும் தின்றேன், பயமாக இருக்கிறது, அந்த டாக்டரிடம் இன்னொரு தடவை கூட்டிப்போ என்று. அவள் அழுவாள். திட்டுவாள். நாக்கு புரளாத நாளில் நீங்கள் எனக்காகக் கேட்டீர்கள் மாமா. என் நாக்கு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.