லில்லி என்று யாரைக் கூப்பிடுவது?

என் பொன்னு அம்மா,

நேற்று உனக்கு முதலாம் ஆண்டு நினைவு ஜெபம் நடந்தது. போதகர் உன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசினார். வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். சாம்பாரில் உப்பு கொஞ்சம் கூடிப்போயிற்று. யாரும் வாயைத் திறக்கவில்லை. நீ இருந்திருந்தால் பந்தியில் உட்கார்ந்தபடியே சத்தம் போட்டிருப்பாய்.

ஜெபம் நடந்ததே பெரிய காரியம். முந்தின நாள் சாயங்காலம் அது நடக்குமா, நானும் அண்ணனும் இனி ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்போமா என்று தெரியாமல் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். எல்லாம் உன் பெயரால் வந்த வினை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இப்போது நம் வீட்டில் இன்னொரு லில்லி இருக்கிறாள். கோபப்படாதே. அது ஒரு பறவை.

கிளினிக்கில் என்னோடு வேலை பார்த்த ஷீபாவை உனக்கு ஓர்மை இருக்கிறதா? நீ படுத்திருந்தபோது ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தாளே, அவள்தான். அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு புறப்பட்டாள். அவள் மகள் காக்டீல் என்று ஒரு வெளிநாட்டுக் கிளி வளர்த்தாள். நம் கிளியைவிடச் சின்னதாக இருக்கும், வெள்ளை உடம்பு, மஞ்சள் கொண்டை, இரண்டு கன்னத்திலும் செம்மஞ்சள் வட்டம். அதைக் கொண்டுபோக வழியில்லை, நீ வளர்ப்பியா என்று ஷீபா கேட்டாள். உனக்குத்தான் தெரியுமே, எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாது.

கூட்டை என் கையில் கொடுக்கும்போது அந்தப் பிள்ளை தேம்பித் தேம்பி அழுதது. “ஆன்ட்டி, லில்லின்னு விளிச்சாத்தான் வரும். சத்தமா விளிக்காதீங்க, பேடிக்கும். பைய விளிக்கணும்” என்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ்ஸில் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு வரும்போதே முடிவு செய்துவிட்டேன், நாளைக்கே பெயரை மாற்றிவிட வேண்டும் என்று.

மாற்றவில்லை அம்மா. வீட்டுக்கு வந்து ஒரே ஒரு தடவை “லில்லி” என்றேன். அது கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்த்தது. நீ போனபிறகு இந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர். அதைச் சொன்னால் திரும்பிப் பார்க்க ஓர் உயிர் இருக்கிறது. அது எனக்கு வேண்டியிருந்தது. அப்புறம் பழகிப்போய், “லில்லி, திரைச்சீலையைக் கடிக்காதே”, “லில்லி, வாயை மூடு” என்று அதட்டவும் ஆரம்பித்தேன். நீ என்னை அதட்டியதற்கெல்லாம் சேர்த்து வைத்துத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி ஒரு சுகம்.

முதல்நாள் நான் அதைக் கூப்பிட்டபோது அப்பா சாயா குடித்துக்கொண்டிருந்தார். கிளாசைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், கூட்டைப் பார்த்தார். எழுந்து மரச்சீனிச் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

அவர் உன் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. பெண்டாட்டி பெயரை ஆண்பிள்ளை வாயால் சொல்லக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். “இந்தா பாரு” என்பார், மிஞ்சினால் “பிள்ளே” என்பார். பஸ் ஓட்டிய காலத்தில் குலசேகரத்திலிருந்து வரும்போது நம் முக்கில் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். நீ சோற்றுப் பாத்திரத்தோடு ஓடுவாய். ரேஷன் கார்டு ஆபீசில் மனைவி பெயர் கேட்டால் என் முகத்தைப் பார்ப்பார், நான்தான் சொல்லவேண்டும். அதைச் சொல்லிச் சொல்லி நாம் இரண்டுபேரும் அடுக்களையில் எவ்வளவு சிரித்திருக்கிறோம்!

ஆனால் ஆஸ்பத்திரியில் உன் கடைசிக் காலையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ கண்ணைத் திறக்காமல் கிடந்தாய். “பேரு சொல்லி விளிச்சுப் பாருங்க, பழகின குரலுக்கு சில நேரம் கண்ணு திறப்பாங்க” என்று நர்ஸ் பிள்ளை அப்பாவிடம் சொன்னாள். அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். “இந்தா… இந்தா பாரு” என்றார். “பிள்ளே” என்றார். உதடு அசைந்தது, பெயர் மட்டும் வரவில்லை. நீ கண் திறக்காமலே போய்விட்டாய்.

பெயரைச் சொல்லியிருந்தால் திறந்திருப்பாயா? நான் அவரிடம் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவருக்குச் சோறு வைக்கும்போதெல்லாம் தட்டு கொஞ்சம் சத்தமாகவே மேசையில் விழுந்தது. பறவை வந்தபிறகு அவர் சட்டைத் தோளில் எச்சம் காய்ந்து கிடக்கும், நாற்காலியைச் சுற்றித் தினை உமி கிடக்கும். “என்னப்பா இது?” என்றால், “அது தோள்ல வந்து இருந்துது” என்பார். அந்தத் துணியையும் நான் முனகிக்கொண்டேதான் துவைத்தேன்.

இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அண்ணன் உன் ஜெபத்துக்காக மஸ்கட்டிலிருந்து வந்தான். பெட்டியைக்கூட இறக்கவில்லை. நான் உள்ளே அதட்டிக்கொண்டிருந்தேன்.

“ஏட்டி, யார நீ லில்லின்னு விளிக்குத?”

“பறவைய.”

“பறவைக்கா அம்மைக்க பேரு வச்சிருக்க?”

“நான் வைக்கல்ல. வரும்போதே அதான் பேரு.”

“வந்தா மாத்த வேண்டியதுதானே! முக்குல ஃபிளெக்ஸ்ல அம்மைக்க படம் போட்டு, கீழ லில்லிபாய்னு பெரிசா எழுதி வச்சிருக்கு. உள்ள வந்தா லில்லி கூட்டுல தொங்குதா. சித்திமாரு கேட்டா என்னன்னு சொல்ல?”

“லில்லின்னு சொல்லு.”

அவன் முகம் சிவந்துவிட்டது. “நாளைக்கு இது செத்துப்போனா? லில்லி செத்துப்போச்சுன்னு சொல்லுவியாட்டி? அம்மை ஒருக்கா செத்தது போதாதா?”

அவன் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தேன் அம்மா. அவன் உன்னைக் கடைசியாகப் பார்த்தது ஃபோனில்தான். விமானத்தில் டிக்கெட் கிடைத்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்த ஆத்திரம் அவனுக்கு யாரிடமாவது தீரவேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயர் மாறவேண்டும், இல்லையென்றால் ஜெபத்துக்கு நிற்கமாட்டேன், டிக்கெட்டை மாற்றிக்கொண்டு போய்விடுவேன் என்றான். சொன்னால் செய்கிறவன்தான். அப்பாவிடம் போய், “நீங்க சொல்லுங்க, மாத்தணுமா வேண்டாமா?” என்று கேட்டோம். அவர் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சாப்பாட்டுக்கு எத்தன பேருக்குச் சொல்லியிருக்கு?” என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரி போ என்று நான்தான் இறங்கிப்போனேன். உன் நினைவு நாளில் உன் மகன் இல்லாமல் எப்படி? அண்ணன் மின்னு என்று பெயர் வைத்தான். அவனும் நானும் மாறிமாறி மின்னு, மின்னு என்று கொஞ்சினோம். பறவை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தது. தினைக் கிண்ணம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. விசிலடிப்பது நின்றது. கூட்டின் அடியில் இறகு கொட்டிக் கிடந்தது. “இது தின்னல்ல” என்று அண்ணனிடம் சொன்னேன். “பசிச்சா தன்னால தின்னும்” என்றான்.

அப்பாவும் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணன் பகல் முழுக்க அந்த அறையில் சோபாவில் ஃபோனோடு கிடந்தான். அப்பா வாசல்வரை வருவார், எட்டிப் பார்ப்பார், திரும்பிப் போய்விடுவார். ஆட்கள் வருகிற வெப்ராளம், அந்தப் பதற்றம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் முற்றத்தில் தார்ப்பாய் கட்டினார்கள். பறவை அடைந்தே கிடக்கிறதே என்று நான் கூட்டைத் திறந்து அறைக்குள் விட்டிருந்தேன். காற்றில் தார்ப்பாய் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு படீர் என்று அடித்தது. பறவை அரண்டு, திறந்திருந்த வாசல் வழியாக வெளியே பறந்துவிட்டது. போய் உட்கார்ந்தது எங்கே தெரியுமா? ரப்பர் தோட்டத்து ஓரத்து அயனி மரத்தில், உச்சிக்குப் பக்கத்தில்.

பேச்சிப்பாறைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வெள்ளையாக என்னவோ இருக்கிறதென்று காக்கா ஒன்று வந்தது, பின்னாலேயே நாலைந்து வந்தன. கூட்டுக்குள் வளர்ந்த உயிர் அம்மா, அதுவும் சாப்பிடாமல் கிடந்தது. காக்கா விட்டாலும் ஒரு மழைக்குத் தாங்காது.

அண்ணன் கிண்ணத்தைக் குலுக்கிக்கொண்டு “மின்னு! மின்னு!” என்று கத்தினான். தார்ப்பாய் கட்டினவர்களும் சேர்ந்து கத்தினார்கள். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. நான் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, “லில்லி! லில்லி!” என்று அலறினேன். கொண்டை நிமிர்ந்தது. என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டு இன்னும் ஒரு கிளை மேலே ஏறியது. பைய விளிக்கணும் என்று அந்தப் பிள்ளை சொன்னது ஞாபகம் வந்தது, ஆனால் என் தொண்டை பையப் பேசுகிற நிலையில் இல்லை.

காக்கா ஒரு கொத்து கொத்தியது. வெள்ளை இறகு ஒன்று சுற்றிச் சுற்றி என் காலடியில் விழுந்தது. அண்ணன் அதை எடுத்தான். “எப்படி வேணும்னாலும் விளி மக்கா, எறங்கினா போதும்” என்றான். பிறகு அவனே மரத்தைப் பார்த்து வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். பெற்றவள் பெயரை அவனுக்கும் சொல்லிப் பழக்கமில்லை.

அப்போதுதான் அப்பா வந்தார். காலில் செருப்பில்லை. “எல்லாரும் வாய ஒண்ணு மூடுங்க” என்று சொல்லிவிட்டு அயனி மரத்து மூட்டில் போய் நின்றார். போச்சு, இப்போதும் “இந்தா பாரு” என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் வந்த அதே கோபம் எனக்குத் திரும்பவும் வந்தது.

அவர் அண்ணாந்து பார்த்தார். அடுக்களையில் நிற்கிற ஆளிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

“லில்லி. எறங்கி வா பிள்ளே. மழ வருது, கேட்டியா.”

அம்மா, உனக்குக் கேட்டதா? எனக்குக் கேட்டது. அண்ணனுக்குக் கேட்டது. அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் எப்போதாவது வந்தால் பல்லைப் பிடுங்குகிற மாதிரித்தான் வரும் என்று நினைத்திருந்தேன். திக்கவில்லை, தயங்கவில்லை. நாள் முழுக்கச் சொல்லிப் பழகின வாய்க்குத்தான் அப்படி வரும்.

மேலிருந்து ஒரு விசில் கேட்டது. “ஆமா, நான்தான். வா லில்லி” என்றார். அது ஒரு கிளை இறங்கியது, இன்னொன்று இறங்கியது. காக்காக்களை அண்ணன் கல்லெறிந்து விரட்டினான். கடைசியில் அது பொத்தென்று வந்து அப்பா தோளில் விழுந்து, காதுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டது. அவர் தலைதுவட்டுகிற துவர்த்தால் மூடி வீட்டுக்குள் கொண்டுவந்தார். மழை பிடித்துக்கொண்டது.

நான் கேட்டேன். “என்னைக்கிலேருந்து இப்படி விளிக்கீங்க அப்பா?”

“அது வந்த நாள்லேருந்து, தெனமும் நீ வேலைக்குப் போன பெறவு” என்றார். கையில் தினையை வைத்து அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் சரியாகத் தின்னாதது கொத்திக் கொத்தித் தின்றது. அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார். “ஆஸ்பத்திரில வரல்ல மக்ளே. நாக்குல வந்து நிண்ணுது, வெளிய வரல்ல. இதுட்ட சொல்லிச் சொல்லித்தான் வந்துது.”

என் தட்டுச் சத்தமெல்லாம் அவருக்குக் கேட்டுத்தான் இருந்திருக்கிறது. நான் அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அண்ணன் இறகைக் கையில் வைத்தபடியே நின்றான். “அப்பா, பேர மாத்தவா வேண்டாமா?”

“மாத்தணும்னா மாத்துங்க” என்றார். “எனக்கு விளிக்க வேற பேரு தெரியாது.”

நேற்று ஜெபம் முடிந்ததும் சின்னச் சித்தி கூட்டுக்குப் பக்கத்தில் போய், “கொள்ளாமே, நல்ல அழகா இருக்கே! இதுக்கு என்ன பேரு?” என்று கேட்டாள். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன்தான் சொன்னான், “லில்லி.” சித்தி வாயில் கைவைத்தாள். பிறகு அவளே கம்பிக்குள் விரலை விட்டு, “லில்லியக்கா” என்று கூப்பிட்டுப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பகலில் தனியாக இருக்கும்போது அப்பா எந்த லில்லியைக் கூப்பிடுகிறார்? நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அவர் கூப்பிட்டால் நீயும் திரும்பிப் பார்க்கிறாயா? அதை மட்டும் எப்படியாவது எனக்குச் சொல்.

அண்ணன் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. இதற்கும் ஒருநாள் வயதாகும், ஒருநாள் கண்ணைத் திறக்காமல் கிடக்கும். அதுவரை இந்தப் பெயரை யாரும் மாற்ற விடமாட்டேன். காலையில் கொஞ்சம் சீக்கிரமே வேலைக்குக் கிளம்புகிறேன், அவர்கள் இரண்டுபேரும் பேசிக்கொள்ளட்டும். சோற்றுத் தட்டைப் பையத்தான் வைப்பேன். அந்த நாள் வரும்போது அப்பா பக்கத்தில் நான் நிற்பேன், அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இது வாக்கு அம்மா.

லில்லி பெற்ற மகள்,
லில்லியை வளர்க்கிறவள்,
சுஜா