சனிக்கிழமைகளில் பிடிக்காத பிரேக்

2 ஆகஸ்ட், சனி

இன்று தோட்டத்து இறக்கத்துக்கு வந்தவர்கள்: மங்களம் அக்கா, கௌசிகா, தர்மினி, நான், காரில் இவர், என் வீட்டுக்காரர். மொத்தம் ஐந்து பேர்.

மாதக் கடைசியில் ஈப்போவிலிருந்து ஹுத்தான் மெலிந்தாங்குக்கு இரண்டு நாள் சைக்கிள் பயணம். குழுவை நடத்துவது அக்கா. மூட்டைகளோடு இறங்கி, அவர் போட்ட சுண்ணாம்புக் கோட்டில் பிரேக் பிடித்து, நாற்பது அடிக்குள் நிற்க வேண்டும். கௌசிகாவும் தர்மினியும் நின்றார்கள். நான் அறுபத்து மூன்று அடி. லோரிகள் திரும்பும் சந்திக்கே போய்விட்டேன்.

"கலா, ஒன்ன விட்டுட்டுப் போக எனக்கு ஆசையா? லோரிக்கடியில போனா ஒம்புருஷனுக்கு யாரு பதில் சொல்றது? இருபத்தஞ்சாந் தேதிக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி அடுத்த வருஷம் பாப்போம்லா."

அடுத்த வருஷமா? முழங்கால் குணமானால் அங்குள்ள மாரியம்மன் கோயிலுக்கு மிதித்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டது இந்த வருஷத்துக்கு.

3 ஆகஸ்ட்

சைக்கிள் வாங்கிய தனேஸ்வரன் கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். கம்பியில் இழுக்கும் டிஸ்க் பிரேக்கை நானே படித்துத் தேர்ந்தெடுத்தேன். வழியில் அறுந்தால் நானே மாற்றிக்கொள்ளலாம். அப்படியிருக்க, தந்தது மட்டமான சாமான்தானே?

"அக்கா, கௌசிகா அக்காவுக்கும் இதே பிரேக்தான். பிரேக் பேட் தேயல, எண்ணெ பட்ட மாதிரி இருக்கு. சங்கிலிக்கு விட்டது தெறிச்சிருக்கும்."

சங்கிலிக்கு விட்டால் ஒவ்வொரு கண்ணியாகத் துடைப்பவள் நான். என்னிடமா இந்தப் பேச்சு? மணல்தாளில் பேடைத் தேய்த்துக் கொடுத்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

6 ஆகஸ்ட், புதன்

நாற்பத்தாறு அடி. குறைகிறது.

9 ஆகஸ்ட், சனி

மறுபடி அறுபத்தொன்று. விரல் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கியும்.

இவர்: "பேசாம என்கூடக் கார்லயே வாயேன். ஆத்தா கோவிச்சுக்க மாட்டா."

காரில் வருவதாக நான் வேண்டிக்கொள்ளவில்லை.

13 ஆகஸ்ட், புதன்

நாற்பத்தைந்து.

14 ஆகஸ்ட்

அளந்து எழுதிய கணக்கை ஜூலையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். சனி எல்லாம் அறுபதுக்கு மேல். புதன் எல்லாம் நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. அதே இறக்கம், அதே மூட்டை. சைக்கிளுக்குக் கிழமை தெரியுமா என்ன?

15 ஆகஸ்ட், கடைசி ஆடி வெள்ளி

விளக்கேற்றி, பாட்டு முடித்து, சைக்கிளுக்குப் பொட்டு வைக்கக் குனிந்தேன். விரல் பாதியில் நின்றுவிட்டது.

இரும்பில் ஒட்டட்டும் என்று குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து, வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் சக்கரத்தில் பேட் கவ்விப் பிடிக்கும் அந்த டிஸ்கில்தான் வைக்கிறேன். வட்டமாக, பளபளவென்று — அதைவிட நல்ல இடம் சைக்கிளில் இருப்பதாகவே தோன்றவில்லை. அந்தத் தம்பியை என்ன பேச்சுப் பேசிவிட்டேன்!

இவரிடம் சொன்னேன். "வாராவாரம் சைக்கிளுக்கு எண்ணெக் குளியலா? அதான் வழுக்குது" என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தோள் குலுங்கியது.

16 ஆகஸ்ட், சனி

கடையில் நாலு பேர் இருக்கும்போது திட்டினேன். இன்றும் நாலு பேர் இருக்கும்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். தனேஸ்வரன் சிரிக்கவில்லை. "சாமி கும்புட வேணாம்னு சொல்லல அக்கா. பொட்ட ஹேண்டில்ல வைங்க."

எண்ணெய் ஊறிய பேட் தேய்த்தாலும் தேறாதாம். டிஸ்கை ஸ்பிரிட்டில் துடைத்து, புதுப் பேடை நானே மாட்டினேன். அவன் கை வைக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தான். புதுப் பேட் பிடிப்புக்கு வர, வீட்டுச் சாலையில் முப்பது தடவை மெல்ல ஓட்டி நிறுத்தினேன்.

23 ஆகஸ்ட், சனி

நேற்றும் பூசை செய்தேன். பொட்டு ஹேண்டிலில்.

இன்று முழு மூட்டையோடு மூன்று முறை இறங்கினேன். முப்பத்தேழு, முப்பத்தாறு, முப்பத்தேழு. அளவு நாடாவைப் பிடித்தது இவர். அதைச் சுருட்டிக்கொண்டே, "வழியில தெலுக் இந்தானுக்கு எத்தன மணிக்கு வருவீங்க? அதுக்குத் தக்கன நான் கெளம்பணும்ல" என்றார்.

அக்காவுக்கு அனுப்பிய செய்தி:

மங்களம் அக்கா, பிரேக்கில் குறையில்லை. எண்ணெய்க் குங்குமத்தை டிஸ்கில் வைத்தது நான்தான். பேடை மாற்றிவிட்டேன். முப்பத்தேழு அடிக்குள் நிற்கிறது. நாளைக் காலை நீங்களே கோடு போட்டுப் பாருங்கள், ஏழு மணிக்கு இறக்கத்தில் இருப்பேன். நான் பயணத்துக்கு வரலாமா, கூடாதா? தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.