அத்தான் தூங்க வேண்டிய அறை

ஏப்ரல் 3

முதல் அறைக்கு இன்று சுண்ணாம்புப் பூச்சு முடிந்தது. மண் கல் சுவர், ஓட்டுக் கூரை, மரநிழல் பக்கம் தாழ்வான ஜன்னல், எதிர்ச்சுவரின் உச்சியில் சூடு வெளியேற வரிசையாகத் துளைகள். அனல் காற்று பட்டால் பூச்சு வெடித்துவிடுமென்று துளைகளில் ஈரச் சாக்கைத் திணிக்கச் சொன்னேன். "பச்சப் பிள்ளைக்குச் சுத்துற மாதிரி சுத்துறோமே" என்று கொத்தனாருக்குச் சிரிப்பு.

அக்கா வந்தாள். இந்தக் காட்டோர விருந்தினர் விடுதி அவளுடையது, வரைபடம் என்னுடையது, சண்டை இருவருக்கும் பொது. "ஏசி இல்லாம எவன்டி வந்து தங்குவான்?" கடைசியில் ஒரு பந்தயம். உச்சி வெயிலில் அத்தான் இந்த அறையில் தூங்கிக் காட்ட வேண்டும். தூங்கினால் எல்லா அறையும் என் இஷ்டம். இல்லையென்றால் எல்லா அறையிலும் ஏசி.

அத்தானுக்கு ஃபிரிட்ஜைத் திறந்தாலே வியர்க்கும். போயும் போயும் அவரா நடுவர்!

ஏப்ரல் 9

பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை. சுவரைத் தடவித் தடவிப் பார்க்கிறேன். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

ஏப்ரல் 16

தோற்றேன்.

தலையணையோடு உள்ளே போன அத்தான் போன வேகத்தில் திரும்பி வந்தார், தொப்பலாக நனைந்து. "அறை பிரமாதம்மா. துணி இஸ்திரி போட ரொம்ப வசதி." அக்கா சிரிக்கவில்லை. அதுதான் வலித்தது. நின்ற இடத்திலிருந்தே ஏசிக்காரருக்குப் போன் போட்டாள்.

எங்கே தப்பு? காற்றின் திசையா? கூரையா? அவ்வளவு அடிச்சுச் சொன்னேனே — எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நாளைக்கு அங்க போவேன்?

ஏப்ரல் 17

போனேன். அறை நடுவில் தனியாக உட்கார்ந்து அழலாமென்று.

உச்சித் துளையில் ஓர் அணில் சணல் நூலை இழுத்துக்கொண்டிருந்தது. அங்கே ஏது சணல்?

சாக்கு! எடுக்கச் சொல்லவே இல்லை நான். சுண்ணாம்பு தெறித்துச் சுவரோடு சுவராக வெளுத்திருந்தது. "நீங்க சொல்லாம நாங்க எப்படி எடுக்குறது?" என்கிறார் கொத்தனார். நியாயம்தானே. ஏணியில் ஏறி நானே பிடுங்கிப் போட்டேன். கடைசிச் சாக்கு விழுந்ததும் கழுத்தில் சில்லென்று காற்று. அணிலுக்கு மட்டும் ஒரு துண்டு விட்டுவைத்தேன்.

அக்காவிடம் சொன்னால் காலத்துக்கும் ஓட்டுவாள். சொன்னேன். ஓட்டினாள். ஆனாலும், "பேசினது பேசினதுதான்." நாளை ஏசிக்காரர் வருகிறார், என் சுவரில் துளை போட.

ஏப்ரல் 18

மத்தியானம் ஏசிக்காரர் அளவெடுக்க உள்ளே போனார். வெகுநேரம் சத்தமே இல்லை. அக்கா அத்தானை அனுப்பினாள். அவரும் வரவில்லை. அக்கா கோபமாகக் கிளம்ப, நான் பின்னாலேயே ஓடினேன்.

கையில் அளவு நாடாவோடு ஏசிக்காரர் தரையில் கிடந்தார். பக்கத்தில் அத்தான், வாயைப் பிளந்தபடி. இரண்டு குறட்டையும் மாற்றி மாற்றி.

நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா உதட்டில் விரலை வைத்தாள். "சத்தம் போடாதடி, எழுந்துடப் போறாங்க."

அப்புறம் அவளும் சுவரோரமாக மெல்லச் சாய்ந்துகொண்டாள்.

ஜூன் 2

இரண்டாவது அறைக்கு இன்று பூச்சு. துளைகளில் சாக்கு திணித்தாயிற்று. கதவில் கரிக்கட்டியால் கொட்டை எழுத்தில் அக்கா எழுதியிருக்கிறாள்: "சாக்கை எடுடி!"