அப்பாவைத் தாண்டி வந்த வேலி

அன்பு மகள் மனானாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன், கோழிகளும் இருக்கின்றன. இத்தாலியில் நீயும் நீ பார்த்துக்கொள்ளும் அந்தக் கிழவியம்மாவும் நலமாக இருக்க வேண்டுமென்று மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

போரில் செத்த உன் அண்ணன் லெவான் படுத்திருக்கும் கல்லறைத் தோட்டம் முள்வேலிக்கு அந்தப் பக்கம் ரஷ்யச் சிப்பாய்களிடம் மாட்டிக்கொண்டதிலிருந்து, ஈஸ்டருக்கு ஈஸ்டர் அப்பா வேலியோரம் மண்டியிட்டு, கல்லறை மேல் உருட்ட வேண்டிய சிவப்பு முட்டையைக் கம்பிக்கு அடியில் அவன் பக்கமாக உருட்டிவிடுவாரே, "எம்புள்ள பக்கத்துல போட முடியாட்டி கம்பி பக்கத்துலயாவது என்னைப் போடுங்க" என்று சாகும்வரை சொன்னார். இத்தாலியில் தங்கும் பேப்பர் இல்லாமல் நீ வர முடியாமல் போன அந்தக் குளிர்காலத்தில், அவர் சொன்னபடியே நம் ஆப்பிள் தோட்டத்துக் கோடியில் கம்பியோரம் அவரைப் புதைத்தோம்.

போன வாரம் அந்தச் சிப்பாய்கள் வேலியைப் பிடுங்கி நம் பக்கம் தள்ளி நட்டுவிட்டார்கள். ஆப்பிள் தோட்டம் போயிற்று, அப்பாவும் அந்தப் பக்கம் போய்விட்டார். உயிரோடு போக முடியாத இடத்துக்குப் படுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டார் மனுஷன், சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. மாஸ்கோக்காரன் கம்பம் நடுகிறான், வாஷிங்டன்காரன் வருத்தம் தெரிவிக்கிறான், நடுவில் நம் ஜார்ஜியா, அதிலும் நடுவில் என் வெங்காயப் பாத்தி. வெளிநாட்டுக் கண்காணிப்பாளர்கள் பைனாகுலரில் பார்த்து எழுதிக்கொண்டார்கள். "என் புருஷனையும் எழுதிக்கிட்டீங்களாப்பா" என்று கேட்டேன், மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

நேற்று நம் வாசலுக்கு முன்னால் ரோட்டோரம் புது முளைகள் அடித்திருக்கிறார்கள். அடுத்த வேலி அங்கேதான், வீடு உள்ளே போய்விடும். பக்கத்து வீட்டு குராம், "அக்கா, இப்பவே கெளம்பிடுங்க, கம்பி போட்டாச்சுன்னா வெளிய வரவே முடியாது, தாண்டுனா பிடிச்சு அடைச்சிருவான்" என்று தலையில் அடித்துக்கொண்டான். மூட்டை கட்டினேன், அவிழ்த்தேன், மறுபடி கட்டினேன். போனால் அப்பாவுக்கும் லெவானுக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்ற ஆள் கிடையாது. இருந்தால் உன் முகத்தை இனிக் கையால் தொட மாட்டேன். எந்தத் தாயையும் இப்படிக் கேட்கக் கூடாது மனானா. குராம் கிளம்புகிறான், பசுவை அவனிடம் கொடுத்துவிட்டேன். மூட்டையை அவிழ்த்துவிட்டேன். என்னைத் திட்டு, ஆனால் புரிந்துகொள்.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், ஒழுங்காகச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. பேப்பர் கிடைத்து ஈஸ்டருக்கு வந்தால், ரோட்டோரக் கம்பியருகே நின்று உரக்கக் கூப்பிடு, எனக்குக் காது மந்தம். சிவப்பு முட்டையை அடியில் மெதுவாக உருட்டிவிடு, நான் எடுத்துக்கொள்வேன்.

உன் அம்மா,
லமாரா