சீவலப்பேரிப் புட்டி ஏன் கறுக்கவில்லை

பாளையங்கோட்டை,
17.6.2024

அன்புள்ள கோமு,

சீவலப்பேரி இசக்கித்தாயை நான் திட்டி அழவைத்துவிட்டேன் என்றும், அந்தக் கோபத்தில் நம் ஆற்று நீர்ச் சோதனையையே இழுத்து மூடப்போகிறேன் என்றும் டொராண்டோவில் இருக்கும் உன்வரை செய்தி போய்விட்டதாகப் பிரிஸில்லா சொன்னாள். இரண்டும் தவறு. இசக்கித்தாய் அழுதது உண்மை; நான் திட்டவில்லை. திட்டத்தை முடிக்கும் பேச்சு அதற்கு நான்கு மாதம் முன்பே சங்கக் கூட்டத்தில் வந்தது. அதைக் கொண்டுவந்ததும் நானல்ல. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

அதற்கு முன் உன் கண். அறுவை முடிந்து ஆறு வாரம் ஆகிவிட்டதல்லவா, படிக்க முடிகிறதா? இந்தக் கடிதத்தை நீயே படிக்கவேண்டும் என்பதற்காகப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். வைத்தியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. உன் மகன் நல்ல பையன், ஆனால் அவசரமாக வாசிப்பான். நான் நலமே. முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது தன் வயதைச் சொல்கிறது.

பிப்ரவரிக் கூட்டத்தில் பிரிஸில்லாதான் எழுந்தாள். நம் மாதர் சங்கத்தின் செயலாளராக அவள் வந்து இரண்டு ஆண்டு ஆகிறது. சுறுசுறுப்பானவள், சற்று உரக்கப் பேசுவாள். இந்த ஆகஸ்டோடு நீர்ச் சோதனைக்கு இருபது ஆண்டு நிறைகிறது, ஒரு விழா நடத்தி, பழைய அறிக்கைப் புத்தகத்தை மறுபடி அச்சிட்டு, நிறைவாக முடித்துவிடலாம் என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, கோமு. வரும் என்று எதிர்பார்த்து எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு வந்தது ஒரு கேள்வி.

நம் சங்கம் எதையுமே முடித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தையல் வகுப்பு, டீச்சருக்குக் கல்யாணமானதும் நின்றுபோனது. ஆறு மெஷின்களும் இன்னும் உறை போட்டபடி மண்டபத்து மூலையில் நிற்கின்றன. வாசகசாலை, கூரை ஒழுகியபோது நின்றது. இன்றோடு இது இல்லை என்று கூடி உட்கார்ந்து யாரும் சொன்னதில்லை. ஒரு வேலை முடிந்துவிட்டது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? கெமிஸ்ட்ரி டீச்சருக்கு இப்படி ஒரு கேள்வி வந்தால் அவள் சோதித்துத்தான் பார்ப்பாள்.

எட்டு இடங்களில் மாதாமாதம் முடிவுத் தாள் ஒட்டுகிறோம் அல்லவா, மே மாதத் தாளை நான் அனுப்பவில்லை. பிரிஸில்லாவிடம் மட்டும் சொல்லி, வாயைத் திறக்கக்கூடாது என்றேன். யார் கேட்கிறார்கள் என்று பார்க்க ஒரு நோட்டில் தேதி எழுதி வைத்தேன். பள்ளிக்கூடங்களிலிருந்து கேட்கவில்லை. படித்துறைகளில் யாரும் கேட்கவில்லை. நம் கமிட்டிப் பெண்கள் ஒன்பது பேரில் ஒருத்திகூடக் கேட்கவில்லை. முடிக்கவேண்டியதுதான் என்று எழுதி அடியில் கோடு போட இருந்தேன். ஜூன் ஐந்தாம் தேதி காலையில் ஒரு போன் வந்தது.

இசக்கித்தாய். உனக்கு நினைவிருக்கும், வயல் வேலைக்குப் போகிறவள், பதினொரு ஆண்டாக வெள்ளிதோறும் ஆற்றில் தண்ணீர் எடுத்து டவுன் பஸ்ஸில் நமக்குக் கொடுத்தனுப்புகிறவள். "டீச்சர், போன மாசத் தாளு வரவேயில்லையே. எங்க ஊருப் புட்டி வெள்ளையாத்தான இருக்கு?" என்று கேட்டாள். அந்தக் குரலில் பயம் இருந்தது. வெள்ளைதான், கறுக்கவில்லை என்றேன். "அப்பச் சரி" என்று வைத்துவிட்டாள்.

இருபது ஆண்டு உழைப்புக்கு ஒரே ஒரு வாசகி. அவள் ஏன் பயப்படவேண்டும்? அதை நேரில் போய்த்தான் தெரிந்துகொள்ளவேண்டும். ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை, சொல்லாமல், முதல் பஸ்ஸில் சீவலப்பேரிக்குப் போனேன். இவர் படுக்கையில் விழுந்த பிறகு நான் அந்த ஊருக்குப் போகவே இல்லை. அதுவே பன்னிரண்டு ஆண்டு.

இனி நீ நிதானமாகப் படிக்கவேண்டும்.

இசக்கித்தாய் வீட்டு வாசலில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் ஒரு பானை. பக்கத்தில் வெள்ளைத் துணி கட்டிய இன்னொரு பாத்திரம். அதன் பக்கத்தில் நம் பிளாஸ்டிக் கேன், கழுவிக் கவிழ்த்தபடி. என்ன காய்ச்சுகிறாய் என்றேன். என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்துபோய்ச் சொன்னாள்: "ஒங்களுக்குத்தான் டீச்சர், ஆத்துத் தண்ணி."

ஒவ்வொரு வாரமும் காய்ச்சி, ஆறவைத்து, துணியில் வடித்து அனுப்பியிருக்கிறாள். தண்ணீரில் சாக்கடை கலந்திருந்தால் இரண்டு நாளில் கறுத்துப்போகும் நம் சோதனைப் புட்டி, காய்ச்சிய தண்ணீரில் எப்படிக் கறுக்கும்? நான் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். யார் இப்படிச் செய்யச் சொன்னது என்று கேட்டேன். சத்தியமாகத் தாழ்ந்த குரலில்தான் கேட்டேன்.

"நீங்கதான டீச்சர்," என்றாள். "மொதல்ல நான் அனுப்புன ரெண்டு புட்டியும் கறுத்துப்போச்சின்னு மீட்டிங்குல அத்தன பேரு முன்னால வச்சி, பானையக் கழுவுனியா, கையக் கழுவுனியான்னு கேட்டிய. எனக்கு மண்ணுக்குள்ள போயிரலாமான்னு இருந்துச்சி. பெறகு எப்பிடிப் பச்சத் தண்ணிய ஒங்க கையில குடுப்பேன்?"

அதைச் சொன்னபோதுதான் அவள் அழுதாள்.

நான் அப்படிக் கேட்டேன், கோமு. நீயும் அங்கே இருந்தாய். வகுப்பில் பியூரெட் குழாயைக் கழுவாத மாணவியைக் கேட்பதுபோலக் கேட்டேன். அவள் பானை சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது. அழுக்காக இருந்தது ஆறு.

திரும்பி வந்து பதினொரு ஆண்டு நோட்டுகளையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். 2013 செப்டம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து சீவலப்பேரியிலிருந்து அவள் அனுப்பிய எந்தப் புட்டியும் கறுக்கவில்லை. அதே வாரத்திலிருந்து நீரின் கடினத்தன்மையும் குறைந்திருக்கிறது. காய்ச்சினால் கடினத்தன்மை குறையும் என்பதை முப்பத்திரண்டு ஆண்டு கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். அந்த எண் என் கையெழுத்திலேயே இருக்கிறது. பார்த்திருக்கிறேன், சிற்றாறு வந்து கலப்பதால் இருக்கும் என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறேன்.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. 2018-ல் மகளின் பிரசவத்துக்காக இசக்கித்தாய் ஐந்து வாரம் அம்பாசமுத்திரம் போயிருந்தாள். அப்போது பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் எடுத்து அனுப்பினாள். அந்த ஐந்து புட்டியும் கறுத்தன. ஐந்தையும் நான் சிவப்பு மையில் அடித்து, 'தவறான மாதிரி' என்று எழுதிச் சுருக்கொப்பமும் போட்டிருக்கிறேன். அந்த முதல் இரண்டு புட்டிக்குப் பிறகு, பதினொரு ஆண்டில் அந்த ஊரிலிருந்து எனக்குக் கிடைத்த உண்மை அந்த ஐந்துதான்.

படித்துறையில் 'இங்கு நீர் நன்று' என்று நம் சங்கத்தின் பெயரோடு ஒரு பலகை வைத்தோமே, அதை அழிக்க நான் உன் சம்மதத்துக்குக் காத்திருக்கவில்லை. மறுநாளே போய் அப்பாத்துரையைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னேன். அதை எழுதிய அதே பெயின்டர்தான். "எழுதச் சொன்னதும் நீங்கதான், அழிக்கச் சொல்லுததும் நீங்கதான். நடுவுல ஆறு என்ன பாவம் பண்ணிச்சி டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே கறுப்பு அடித்தான். காய்ச்சாமல் குடிக்கவேண்டாம் என்று புதிதாக எழுத வைத்தேன். குளித்துக்கொண்டிருந்தவர்களிடமும் நேரில் சொன்னேன். ஒரு கிழவர், நாங்கள் எப்போது அம்மா உங்கள் பலகையைப் பார்த்துக் குடித்தோம் என்றார். அது ஆறுதலா அவமானமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இசக்கித்தாய் மூன்று நாள் வெளியே தலை காட்டவில்லையாம். 'ஆத்தையே காய்ச்சுனவ' என்று தெருவில் பெயர் வைத்துவிட்டார்கள். நான் மறுபடி போய், அவள் வீட்டு வாசலில் நின்று, நாலு பேர் காதில் விழும்படி, தவறு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு அது எளிதாக இல்லை என்பதை உனக்குச் சொல்லவேண்டியதில்லை. போன வெள்ளிக்கிழமை கேன் வந்தது. உள்ளே கலங்கல் தண்ணீர், ஒரு வாழைச் சருகுத் துண்டு, ஒரு பொடிமீன். நேற்று ஆராதனை முடிந்து வந்து பார்த்தேன், புட்டி கறுத்திருந்தது. ஒரு கறுத்த புட்டியைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் இதுவே முதல் தடவை.

இப்போது முடிக்கும் விஷயம். பிரிஸில்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கெட்டவளல்ல. "ஆன்ட்டி, யாரும் படிக்காத தாள்ல யாருக்கும் தெரியாத தப்பு. விழாவ நடத்திட்டு நல்லபடியா முடிச்சிருவோமே," என்றாள். அப்படி முடித்தால் அது நின்றுபோன தையல் மெஷினுக்குப் பூமாலை போட்டது மாதிரி என்றேன்.

நான் நினைப்பது இது. ஆகஸ்ட் விழா வேண்டாம். மற்ற ஏழு இடங்களின் சோதனை ஆகஸ்டோடு முடியட்டும். அங்கே தெரிந்துகொள்ளவேண்டியதைத் தெரிந்துகொண்டோம். சீவலப்பேரியில் மட்டும் இன்னும் ஓர் ஆண்டு, கார்த்திகை வெள்ளமும் பங்குனி வறட்சியும் ஒரு சுற்று வரும்வரை, பச்சைத் தண்ணீரை எடுப்போம். அடுத்த ஜூன் கடைசி வெள்ளியோடு நிறுத்துவோம். முடிவறிக்கையின் முதல் பக்கத்தில், எந்த ஆண்டுகளின் எண்களை யாரும் பயன்படுத்தக் கூடாது, ஏன் என்று இருக்கவேண்டும். இசக்கித்தாய் பெயர் வராது. மாதிரி எடுப்பவர்கள் உண்மையை அனுப்பப் பயப்படும்படி பொறுப்பாளர் நடந்துகொண்டார் என்று எழுதி, என் பெயரைப் போடுவேன். அடித்த ஐந்து எண்களையும் திரும்பச் சேர்ப்பேன்.

ஆனால் பத்தாம் ஆண்டுப் புத்தகத்தில் உன் வாக்கியம் ஒன்று இருக்கிறது: 'ஊரைத் தாண்டியதும் ஆறு மணலில் தன்னைத் தானே கழுவிக்கொள்கிறது.' கூட்டத்தில் நீ அதை வாசித்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். அதையும் திரும்பப் பெறவேண்டும். நாம் இருவரும் சேர்ந்து தொடங்கியதால், முடிப்பதற்கும் இருவர் சம்மதமும் எழுத்தில் வேண்டும் என்று நாமே விதி எழுதினோம். அந்த விதி உனக்குச் சங்கடம் தருமென்றால் அதற்கும் நானே காரணம். அதைச் சேர்க்கச் சொன்னது நான்.

இன்னொன்றைக் கேட்காமல் முடிக்க மனமில்லை. புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன், ஊருக்குக் கீழே சீவலப்பேரியில் தண்ணீர் எப்படி ஊருக்குள் இருப்பதைவிட நன்றாயிருக்கும், ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவோமா என்று நீ என்னிடம் கேட்டாய். என் ஆட்களை நான் வேவு பார்ப்பதில்லை என்று சொன்னேன். இரண்டு நாள் கழித்து அந்த வாக்கியத்தை எழுதிக் கொண்டுவந்தாய். அதற்குப் பிறகு சோதனை மேஜைக்கு நீ அதிகம் வரவில்லை. முழங்கை வலி என்றாய், நானும் நம்பிக்கொண்டேன். நீ அந்த வாக்கியத்தை நம்பித்தான் எழுதினாயா, அல்லது என்னிடம் வாதாட வேண்டாம் என்று எழுதினாயா?

எந்தப் பதில் வந்தாலும் நான் ஏற்றுக்கொள்வேன். கர்த்தர் உன் கண்ணுக்குத் தெளிவு தரட்டும். அங்கே குளிர் வருவதற்குள் வெளியே நடந்து பழகு.

கமிட்டி ஜூலை இருபதாம் தேதி கூடுகிறது. போனில் வேண்டாம், வைத்தி மூலமும் வேண்டாம். சம்மதமானால் சம்மதம் என்றும், இல்லையென்றால் இல்லை என்றும், அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலையும், உன் கையெழுத்தில் தாளில் எழுதி அனுப்பு.

என்றும் உன்,
சாரம்மாள் ஜெபசீலன்