பால்சுறாப் புட்டும் உன் மகள் கேட்ட கேள்வியும்

என் கண்ணான கௌரி அக்காவுக்கு,

எப்படியிருக்கேன்னு கேட்கத்தான் வாய் வருது. நீ போன இடத்தில் அந்தக் கேள்விக்கு அர்த்தம் இருக்கா, தெரியலை. நான் நல்லா இருக்கேன். உன் பவித்ராவுக்கு ஒரு தங்கச்சி பொறந்திருக்கா. மூக்கு அப்படியே உன் மூக்கு, கோபம் மட்டும் என்னோடது.

நீயும் மாமாவும் பவித்ராவை என் மடியில் போட்டுட்டு, "சாயங்காலம் வந்துடறோம் சுமதி"ன்னு செங்கல்பட்டுக்கு பைக்கில் கிளம்பினது இன்னும் கண்ணிலேயே நிக்குது. ஒரே மாசத்தில் நம்ம ரெண்டு பேருக்கும் அம்மா வீட்டில் பிரசவமாகி, தொட்டில் ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஆடின நேரம் அது. நீங்க வரலை, சேதிதான் வந்தது.

எழவுப் பந்தலில் ஆளாளுக்கு எந்தப் பவுடர் பால் நல்லதுன்னு பேசிக்கினு இருந்தாங்க. உள்ளே அவ பசியில் கத்தறா. எனக்கு வந்ததே கோபம்! என் தருணை ஒரு பக்கம், உன் மகளை ஒரு பக்கம் போட்டுக்கினேன். "ரெண்டுக்கும் பத்துமாடி?"ன்னு அத்தை கேட்டாங்க. "பத்தும், நீங்க போய் வந்தவங்களுக்குக் காப்பி குடுங்க"ன்னேன். பத்துச்சுக்கா, மிச்சமே இருந்தது. வேற யார்கிட்டயும் இதைச் சொல்லிப் பீத்திக்கினதில்லை. உன்கிட்ட பீத்திக்காம யார்கிட்ட பீத்திக்கிறது?

இப்போ ரெண்டும் ஒரே வகுப்பு. ஊரே ரெட்டைப் புள்ளைங்கன்னு சொல்லுது, நானும் விட்டுட்டேன். சுவரில் மாலை போட்ட உங்க போட்டோ ரெண்டுக்குமே பெரியம்மா, பெரியப்பாதான்.

பாப்பா வந்ததிலிருந்து என்னை உட்காரவிட மாட்டேங்குதுங்க. பால் குடுக்க உட்கார்ந்தா போதும், ரெண்டும் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துக்கும். "ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் ஆறினதா?", "சர்க்கரை யாரு போட்டது?", "மூடி எங்க கீது?" மானம் போவுதுக்கா.

எங்க வீட்டுக்காரர் வேன் சவாரிக்கு மாமல்லபுரம் போனால், கரையிலேயே எனக்குப் பால்சுறா வாங்கி வந்துடுவார். சுறாப் புட்டு தின்னால்தான் பால் ஊறும்னு நான் சொன்னதுதான் தப்பாப் போச்சு. பவித்ரா யோசிச்சு யோசிச்சு, "நெம்மேலில கடல் தண்ணிய நல்ல தண்ணியா மாத்தறாங்களே, அந்த மாதிரி மெஷினு உள்ள கீதாம்மா?"ன்னு கேட்டாள். தருண் தன் பங்குப் புட்டையெல்லாம் அவங்கப்பா தட்டில் கொட்டி, "நீயும் தின்னுப்பா, அம்மா துணி தொவச்சா நீ குடு"ன்னான். சாப்பிட்டு முடிச்சதும் பனியனைத் தூக்கிப் பார்த்தான். "இந்த மாடல்ல டேங்க் கெடையாதுடா"ன்னு சொல்லி மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சார்.

அந்தச் சிரிப்போடயே இருந்திருக்கலாம். பவித்ரா விடலை. "நாங்க ரெண்டு பேரும் உன் வயித்துல ஒண்ணா இருந்தமா? இடம் பத்துச்சா?"

"நான்தான் ஜன்னல் சீட்டு"ன்னான் தருண்.

எனக்குச் சிரிப்பு நின்னுபோச்சு. அவ கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லிக்கலாம், இப்பவே சொன்னா ஒட்டாமப் போயிடுவாள்னு அத்தை எத்தனையோ தடவை சொல்லியிருக்காங்க. அந்த பயம் எனக்கும் உண்டு. அவ என்னை அம்மான்னு கூப்பிடறதை விட்டுட்டா நான் என்ன செய்வேன்? ஆனால் உன் வயித்தை என் வயிறுன்னு சொல்ல எனக்கு வாய் வரலைக்கா.

"இல்லடி கண்ணு. நீ போட்டோல இருக்கிற பெரியம்மா வயித்துல இருந்தே. அவங்கதான் உன்னைப் பெத்த அம்மா. அவங்க சாமிகிட்ட போனதால பால் நான் குடுத்தேன்."

அவ போட்டோவுக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள். "அப்ப எங்கம்மா பாலு எங்க போச்சு?"ன்னு மட்டும் கேட்டாள். அன்னிக்கு முழுக்க அவ என்னை எதுவுமே சொல்லிக் கூப்பிடலை.

அடுத்த வாரமே உன் நினைவு நாள். உனக்குப் பிடிச்ச கருவாட்டுக் குழம்பு, வடை எல்லாம் இலையில் வெச்சோம். கற்பூரம் ஏத்தப் போகும்போது இவ அடுப்படிக்கு ஓடினாள். எனக்குன்னு எடுத்து வெச்ச சுறாப் புட்டைக் கிண்ணத்தோடு கொண்டாந்து உன் இலையில் கொட்டினாள்.

அத்தைக்கு ஆத்திரம். "இன்னாடி இது? புள்ள பெத்தவளுக்குக் குடுக்கறத படையல்ல யாராவது வெப்பாங்களா?"

"எங்கம்மாவும் புள்ள பெத்தவங்கதானே?"

அப்புறம் அவ என் பக்கம் திரும்பினாள். "அங்கயும் அழுவுற பாப்பாங்க இருக்கும் இல்லம்மா? நீ எனக்குக் குடுத்தியே, அந்த மாதிரி அவங்க அதுங்களுக்குக் குடுப்பாங்க."

'அம்மா'ன்னாள்க்கா. உன்னையும் அம்மான்னாள், என்னையும் அம்மான்னாள். இப்படி ஒரு பொண்ணைப் பெத்திருக்கியேன்னு உன்னை நினைச்சும் பெருமை, இப்படி வளர்த்திருக்கேனேன்னு என்னை நினைச்சும் பெருமை. எல்லார் எதிரிலும் ஓன்னு அழுதுட்டேன்.

இனி உன் படையலில் வருஷா வருஷம் சுறாப் புட்டு இருக்கும், இது சத்தியம். யார் என்ன சொன்னாலும் சரி. நீ வயிறாரத் தின்னுட்டு, அங்கே அழுவுற குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கோ. இங்கே அழுததை நான் பார்த்துக்கினேன்.

உன் மகளோட இன்னொரு அம்மா,
உன் தங்கச்சி சுமதி