அழித்தாலும் தெரியும் இடம்

நேற்றுப் பின்னேரம் உங்கள் ஒன்றுவிட்ட தங்கை வந்து கீழ்க்கூடத்துக் கண்ணாடியை வெள்ளைத் துணியால் மூடினார். துக்க வீட்டில் ஏழு நாளைக்கு முகம் பார்ப்பதில்லையாம், உங்கள் யூத வழக்கம். நீங்கள் போய்விட்டீர்கள் என்று கேட்டபோது வராத அழுகை, அந்தத் துணியைப் பார்த்ததும் வந்துவிட்டது. அந்தக் கண்ணாடிக்கு முன்னால்தானே நம் சிநேகிதம் தொடங்கியது?

லண்டன் செவன் கிங்ஸில் உங்கள் வீட்டு மாடிக்கு நாங்கள் குடிவந்தபோது கொழும்புக் கலவரம் முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. தையற்கடை வேலை முடிந்து வந்தால் நீங்கள் உண்டு, உங்கள் வானொலி உண்டு. என் மகள் படியில் தடதடவென்று ஓடினால் மட்டும் கதவைத் திறந்து, "ஓடட்டும், நன்றாகச் சத்தம் போடட்டும்" என்பீர்கள். சரியான விசர் மனிசி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தைப்பொங்கலுக்கு உங்களை மேலே அழைத்தேன். சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். வீட்டுக்கு வந்த பெண்ணை வெறும் நெற்றியோடு அனுப்பக்கூடாதென்று, புறப்படும்போது எங்கள் வழக்கப்படி குங்குமம் வைத்துவிட்டேன். சிரித்துக்கொண்டே இறங்கினீர்கள். அடுத்த நிமிடம் கீழேயிருந்து ஓர் அலறல். ஓடிவந்து பார்த்தால், கண்ணாடி முன் நின்று இரண்டு கைகளாலும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். குங்குமம் எது, கன்றிச் சிவந்த தோல் எது என்று தெரியவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என்னப்பா செய்தனீ அந்த மனிசியை?" என்று என் கணவர் படியில் நின்று கேட்டார்.

"பொட்டுத்தான் வைச்சனான். கடவுளாணை, வேற ஒண்டும் செய்யேல்லை."

பிறகு படியில் உட்கார்ந்து சொன்னீர்கள். உலகப் போர் நடந்தபோது, ஏழு வயதில், யூதக் குழந்தை என்று ஊருக்கே தெரியும்படி மஞ்சள் நட்சத்திரம் தைத்த கோட்டோடு தெருவில் நடந்ததை. உங்களை ஒளித்துவைக்க ஒரு பண்ணைக்காரர் சம்மதித்ததும் அம்மா அந்தத் தையலைப் பிரித்ததை. "நீலக் கோட்டு வெயிலில் வெளுத்திருந்தது. நட்சத்திரம் இருந்த இடம் மட்டும் புதுத்துணி போலக் கருநீலமாக நின்றது. எடுத்த பிறகும் நட்சத்திரம் தெரிந்தது" என்றீர்கள். ஆகவே அம்மா கோட்டைக் கழற்றிவிட்டு, கொட்டும் பனியில் வெறும் சட்டையோடு உங்களை அந்த மனிதரின் கையில் கொடுத்தார். போர் முடியும்வரை அவருடைய தானியப் பரணில் படுத்துக் கிடந்தீர்கள். ஓடக்கூடாது, இருமவும் கூடாது. அம்மா திரும்பி வரவேயில்லை.

"குளிரில் எனக்கு அம்மாமேல் கோபம். கோட்டைத் தரவில்லையே என்று."

கோட்டோடு அனுப்பினால் பிள்ளையைக் கொன்றுவிடுவார்கள் என்று ஒரு தாய் பயந்த உலகமா இது? இன்றைக்கும் அது எனக்குச் செமிக்கவில்லை.

என் கதையைச் சொல்ல நான் நினைக்கவேயில்லை, வாய் தானாகத் திறந்தது. வெள்ளவத்தையில் தமிழர் வீடுகள் எரிந்த அன்று, தமிழச்சி என்று தெரியக்கூடாதென்று நானும் பொட்டை அழித்தேன். சிறுவயது முதல் பொட்டு வைத்த நெற்றியில் வட்டமாக ஒரு வெளிறல் மிஞ்சியது. பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா அதைக் கண்டு பதறி, என் முன்மயிரைக் கத்தரித்து நெற்றியில் இழுத்துவிட்டு, எங்களைத் தன் சாமான் அறைக்குள் தள்ளிப் பூட்டினார். வெளியே ஆட்கள் கத்திக்கொண்டு போனபோது, உள்ளே நான் என் மகளின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

நீங்கள் என் முன்மயிரை விலக்கிப் பார்த்தீர்கள். "தினமும் காலையில் இந்தக் கண்ணாடி முன் நின்று துடைக்கிறாயே, அது இதையா?"

ஓம், அதைத்தான். பஸ்ஸில் ஒருவன் என் நெற்றியைப் பார்த்துக் காறித் துப்பிய நாளிலிருந்து, பொட்டை வீட்டிலேயே அழித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

"லண்டனிலா? என் வீட்டிலா?" படியிலிருந்து எழுந்துவிட்டீர்கள். "என் வீட்டு வாசலில் யாரும் எதையும் அழிக்கக்கூடாது."

மறுநாள் காலை நான் கைக்குட்டையை எடுத்ததும் உங்கள் கதவு திறந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு என்னோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தீர்கள். நான் பொட்டோடு நடந்தேன். பயத்தில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த மாதம் முழுக்க அப்படியே வந்தீர்கள், உங்கள் கடை எதிர்த்திசையில் இருந்தும்.

இன்று காலை உங்களை அடக்கம் செய்யப் புறப்பட்டோம். நெடுநெடுவென்று வளர்ந்துவிட்ட என் மகள் சொன்னாள், "கண்ணாடி மூடிக் கிடக்கம்மா. செத்த வீடுதானே, பொட்டில்லாமலே வாங்கோ."

அந்த வெள்ளைத் துணிக்கு முன்னால் நின்று குங்குமத்தைத் தொட்டேன். விரல் நேரே அந்த இடத்துக்குப் போனது.

கதவைத் திறந்து தெருவில் இறங்கினேன். பக்கத்தில் நீங்கள் இல்லை. பயம் இன்னும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நான் அழிக்கவில்லை.